புதிய குடும்ப வாகனத்திற்கு எந்த எண்ணெய்?

(ஈப்போவில் பயனீட்டாளர் விழிப்புணர்வு குறித்து நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில், நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எஞ்சின் எண்ணெய் பற்றிப் பேசுங்கள் என்று என்னை அழைத்தபோது முதலில் தயங்கினேன். நான் மெக்கானிக் அல்ல. கேமராவின் முன் நின்று பேசுவது என் தொழில். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணம், கடந்த ஆண்டு எங்கள் வீட்டில் இந்த எண்ணெயை வைத்து ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. அது எங்கள் வீட்டில் மட்டும் நடந்திருக்காது என்று நினைக்கிறேன். இங்கே அமர்ந்திருக்கும் பலரின் வீட்டிலும் நடந்திருக்கும்.

என் தம்பி புதிதாக ஒரு எஸ்.யூ.வி. வாங்கினான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கடையிலிருந்து புத்தம் புதிதாக வெளியே வந்த வாகனம் அதுதான். அதற்கு முன்பு வந்தவை எல்லாம் மூன்றாவது, நான்காவது கை மாறியவை. கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சை வைத்து எடுத்து வந்தோம். கடன் 9 ஆண்டு. அதாவது இப்போது பாலர் பள்ளிக்குப் போகும் அவன் மகள், இடைநிலைப் பள்ளிக்குப் போகும் காலம் வரைக்கும் மாதா மாதம் தவணை கட்ட வேண்டும்.

எண்ணெய் மாற்றும் நாள் வந்தது. எங்கள் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் லோரி ஓட்டியவர். அவர் சொன்னார்: “இந்தச் சூட்டு நாட்டுக்கு இருபது ஐம்பதுதான் சரி. தண்ணி மாதிரி எண்ணெயை ஊத்தினா எஞ்சின் தாங்குமா?” தம்பியின் நண்பர், “இருப்பதிலேயே விலை கூடிய பந்தய எண்ணெயைப் போடு” என்றார். மாமா, “பேரங்காடியில் எது மலிவு விற்பனையில் இருக்கிறதோ அதை எடு, எல்லாம் ஒரே எண்ணெய்தான்” என்றார்.

மூவரும் அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் மூவரும் ஒரு காரியத்தைச் செய்யவில்லை. வாகனத்தோடு வந்த கையேட்டைத் திறந்து பார்க்கவில்லை. அது பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கப்படாமல் முன்னிருக்கைப் பெட்டிக்குள் கிடந்தது.

அப்பா சொன்னது அன்று சரி

அப்பா சொன்னதை நான் கேலி செய்ய மாட்டேன். அவர் ஓட்டிய காலத்து லோரிக்கு அவர் சொன்னதுதான் சரி. அந்தக் காலத்து டீசல் எஞ்சின்களில் உள் பாகங்களுக்கு இடையே இடைவெளி அதிகம். ஓடி ஓடித் தேய்ந்த பிறகு அந்த இடைவெளி இன்னும் கூடும். அங்கே மெல்லிய எண்ணெய் நிற்காது, வழிந்து விடும். கெட்டியான எண்ணெய்தான் நின்று காக்கும். தோட்டத்து மின்சார எஞ்சினுக்கும் டிராக்டருக்கும் அதே கதைதான்.

ஆனால் இன்று நாம் வாங்கும் வாகனம் என்ன? புரோட்டோன் எக்ஸ்70 2018 டிசம்பரில் அறிமுகமானது. 2020 முதல் நம் பேராக் மாநிலத்தின் தஞ்சோங் மாலிமிலேயே அது பொருத்தப்படுகிறது. அதே 2020-இன் இறுதியில் எக்ஸ்50 வந்தது. 2021 மார்ச்சில் பெரோடுவா அத்திவா வந்தது. அத்திவாவில் இருப்பது மூன்று சிலிண்டர் கொண்ட 1 லிட்டர் டர்போ எஞ்சின். எக்ஸ்50 வந்தபோது அதில் இருந்தது மூன்று சிலிண்டர் கொண்ட 1.5 லிட்டர் டர்போ.

முன்பு பெரிய எஞ்சின் செய்த வேலையை இந்தச் சின்ன எஞ்சின் செய்கிறது. எப்படிச் செய்கிறது? டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அந்த டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலக் கூடியது. அது சுழல்வது மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது. வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பும் எண்ணெயின் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. எண்ணெய் போகும் வழிகளோ மிகவும் குறுகலானவை. எந்தக் கெட்டித்தன்மையுள்ள எண்ணெய் ஓடும் என்று கணக்குப் பார்த்துத்தான் அந்த வழிகளையே வடிவமைத்திருக்கிறார்கள். பால் லோரியின் எண்ணெயை இங்கே ஊற்றுவது, பெரியவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தைக் குழந்தைக்குக் கொடுப்பது போல. மருந்து கெட்டதல்ல. ஆள்தான் வேறு.

புட்டியின் மேல் உள்ள எண்கள்

எண்ணெய்ப் புட்டியின் மேல் 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20, 20டபிள்யூ-50 என்று எழுதியிருக்கும். இது அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த முறை. இதில் டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. முதல் எண் குறையக் குறைய, குளிரில் எண்ணெய் எளிதாக ஓடும். இரண்டாவது எண், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. அதை அளப்பது 100 பாகை செல்சியஸில்.

இங்கேதான் நம்மவர்கள் கேட்கிறார்கள்: “நம் நாட்டில் ஏது குளிர்காலம்? முதல் எண் நமக்கு எதற்கு?” நியாயமான கேள்விதான். ஆனால் அதை எஞ்சினின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

ஈப்போவில் தேங்காய் எண்ணெய் புட்டியில் நீராக இருக்கிறது. அதே புட்டியைக் கேமரன் மலைக்குக் கொண்டு போனால் மறுநாள் காலையில் உறைந்து கிடக்கிறது. எஞ்சின் எண்ணெய் அப்படி உறைந்து விடாது. ஆனால் சூடு குறையக் குறைய அதுவும் கெட்டியாகிறது. ஓடிக் கொண்டிருக்கும் எஞ்சினுக்குள் எண்ணெயின் சூடு சுமார் 100 பாகை. விடியற்காலையில் வீட்டு வாசலில் நிற்கும் வாகனத்துக்குள் எண்ணெயின் சூடு சுமார் 25 பாகை. நமக்கு அது இதமான காலை. எஞ்சினுக்கோ அது குளிர். அந்த நேரத்தில் எந்த எண்ணெயும் தன் வேலை நேரத்துக் கெட்டித்தன்மையைவிடப் பல மடங்கு கெட்டியாகத்தான் இருக்கும். அதிலும் 20டபிள்யூ-50 எண்ணெய், 5டபிள்யூ-30 எண்ணெயைவிட இரு மடங்குக்கும் மேல் கெட்டியாக இருக்கும். சாவியைத் திருகியதும் அது மேலே ஏறி டர்போவையும் வால்வுகளையும் நனைக்கத் தாமதமாகிறது.

வெளியே வெயில் அடிப்பதால் எஞ்சினுக்குக் கெட்டி எண்ணெய் வேண்டும் என்பதும் முழு உண்மையல்ல. எஞ்சினின் சூட்டைத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் பெரும்பாலும் ஒரே அளவில் வைத்திருக்கின்றன. ஈப்போவில் ஓடினாலும் லண்டனில் ஓடினாலும், சூடேறிய பிறகு எஞ்சினின் உட்சூட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது.

அப்படியானால் மெல்லியதுதான் நல்லதா? அதுவும் இல்லை. இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். 100 பாகையில் 20 என்ற எண்ணுள்ள எண்ணெயின் கெட்டித்தன்மை 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் வரை. 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. 30-ஐக் கேட்கும் எஞ்சினுக்கு, பெட்ரோல் மிச்சமாகும் என்று 20-ஐ ஊற்றினால் தாங்க வேண்டிய படலம் மெலிந்து போகும். பிள்ளைகளையும் சாமான்களையும் ஏற்றிக் கொண்டு சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறும்போதும், ஜெலாப்பாங் தாண்டி மெனோரா சுரங்கப் பாதையை நோக்கி ஏறும்போதும் அந்தப் படலம்தான் உங்கள் எஞ்சினைக் காப்பாற்றுகிறது.

ஆகவே கெட்டியா மெல்லியதா என்று சண்டை போட வேண்டியதில்லை. உங்கள் எஞ்சினைச் செய்தவர் என்ன எண் சொல்கிறார் என்பதே கேள்வி. விடை கையேட்டில் இருக்கிறது. சில கையேடுகள் இரண்டு, மூன்று எண்களை அனுமதிக்கும். அப்போது அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பட்டியலுக்கு வெளியே போக வேண்டாம்.

இரண்டாவது குறியீடு

எண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது. புட்டியின் பின்புறம் வட்டமான ஒரு முத்திரை இருக்கும். அது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ.யின் முத்திரை. அதில் எஸ்.என்., எஸ்.பி., எஸ்.கியூ. என்று இரண்டு எழுத்துகள் இருக்கும். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு. அடுத்த எழுத்து அகர வரிசையில் பின்னால் போகப் போகத் தரம் புதியது.

எஸ்.பி. தரம் 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. எதற்காக வந்தது தெரியுமா? நாம் பேசிக் கொண்டிருக்கும் இந்தச் சின்ன டர்போ எஞ்சின்களுக்காகவும்தான். பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ எஞ்சின்களில், குறைந்த வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது, எரிபொருள் நேரம் தப்பி முன்கூட்டியே எரிந்து பிஸ்டனை உடைக்கும் ஆபத்து உண்டு. எண்ணெயில் கலக்கும் இரசாயனங்களும் அதற்கு ஒரு காரணம் என்று கண்டறிந்தார்கள். அதைக் குறைக்கவும், டைமிங் சங்கிலி தேய்வதைத் தடுக்கவும் எஸ்.பி. தரத்தில் சோதனைகள் சேர்க்கப்பட்டன. 2025 மார்ச்சில் அதற்கு அடுத்த எஸ்.கியூ. தரமும் வந்து விட்டது. கையேடு எஸ்.பி. கேட்டால் எஸ்.கியூ. ஊற்றலாம். எஸ்.பி. கேட்கும் எஞ்சினுக்குக் கடையில் மீந்து போன பழைய தரத்து எண்ணெயை ஊற்றக் கூடாது. “எல்லாம் ஒரே எண்ணெய்தான்” என்ற எங்கள் மாமாவுக்கு இதுதான் பதில்.

டீசல் எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவற்றுக்கு சி என்று தொடங்கும் தரம். புகைத் துகளைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்திய டீசல் வாகனமாக இருந்தால், சாம்பல் குறைந்த எண்ணெய் வேண்டும். இல்லாவிட்டால் அந்த வடிகட்டி அடைத்துக் கொள்ளும். அதை மாற்றும் செலவைக் கேட்டால் தலை சுற்றும்.

இனி, ‘முழு செயற்கை எண்ணெய்’ என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. புதிய டர்போ வாகனங்களுக்கு அது பொருத்தமானதுதான். சூட்டைத் தாங்கும், சீக்கிரம் கெட்டுப் போகாது. ஆனால் அந்தப் பெயர் மட்டுமே தரத்துக்கு அத்தாட்சி அல்ல. 1999-இல் அமெரிக்காவில் இரண்டு பெரிய எண்ணெய் நிறுவனங்களுக்கு இடையே இதைப் பற்றி ஒரு விளம்பரத் தகராறு வந்தது. கச்சா எண்ணெயிலிருந்து மிக உயர்ந்த முறையில் சுத்திகரித்த எண்ணெயையும் செயற்கை எண்ணெய் என்று அழைக்கலாம் என முடிவானது. எனவே பெரிய எழுத்தில் உள்ள பெயரைவிடச் சிறிய எழுத்தில் உள்ள குறியீட்டுக்கே மதிப்பு அதிகம்.

விலை கூடிய எண்ணெயும் காப்பாற்றவில்லை

சரியான எண், சரியான தரம், இரண்டும் கிடைத்து விட்டன. வேலை முடிந்ததா? முடியவில்லை. எங்கள் சித்தப்பாவின் கதையைச் சொல்கிறேன்.

அவரும் ஒரு டர்போ வாகனம் வாங்கினார். எண்ணெயில் கஞ்சத்தனமே காட்டவில்லை. இருப்பதிலேயே விலை கூடியதைத்தான் ஊற்றினார். “நல்ல எண்ணெய், அதனால் நீண்ட நாள் வரும்” என்று நம்பினார். ஆறு மாதம் ஒரு வருடமாகி, ஒரு வருடம் ஒன்றரை வருடமாகியது. பானெட்டைத் திறந்து ஒருநாளும் எண்ணெய் அளவைப் பார்த்ததில்லை. ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம், நெடுஞ்சாலையில் புகை கிளம்பி வாகனம் நின்றது. எண்ணெய் தார் போல இறுகி, அளவும் அடிமட்டத்துக்குக் கீழே போயிருந்தது. டர்போ போய் விட்டது. அதோடு எஞ்சினும் பாதி போய் விட்டது.

உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை. ஆனால் உரிய காலத்தில் சேவை செய்ததற்கான பதிவு எங்கே என்று கேட்டார்கள். அவரிடம் இல்லை. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. வாகனம் பட்டறையில் கிடந்தது. தவணை மட்டும் நிற்கவில்லை. ஓடாத வாகனத்துக்கு மாதா மாதம் பணம் கட்டிக் கொண்டு, வேலைக்குப் பழைய மோட்டார் சைக்கிளில் போனார். சித்தி தன் காப்பை அடகு வைத்துத்தான் எஞ்சினைச் சரி செய்தார்கள்.

அதனால்தான் சொல்கிறேன். எண்ணெய் என்பது ஊற்றி விட்டு மறந்து விடும் பொருள் அல்ல. பல தயாரிப்பாளர்கள் 10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள். அந்த ‘எது முதலில்’ என்ற சொற்களைப் பலரும் மறந்து விடுகிறோம். “நான் அதிகம் ஓட்டுவதே இல்லை, பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருவதோடு சரி” என்று சொல்லும் தாய்மார்களே, உங்கள் வாகனத்துக்குத்தான் வேலை கடினம். இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் எண்ணெய் முழுமையாகச் சூடேறுவதில்லை. உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போவதில்லை. எண்ணெயிலேயே கலந்து விடுகின்றன. கையேட்டில் இதைக் ‘கடுமையான பயன்பாடு’ என்ற தலைப்பின் கீழ் போட்டிருப்பார்கள். அதற்குரிய மாற்றும் காலம் குறைவு. அந்தப் பக்கத்தையும் படியுங்கள்.

அளவிலும் கவனம் வேண்டும். கடையில் விற்பது பெரும்பாலும் 4 லிட்டர் புட்டி. உங்கள் எஞ்சின் கேட்பது அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், கூடுதலாகவும் இருக்கலாம். சில பட்டறைகளில் புட்டியை முழுவதும் கவிழ்த்து விடுகிறார்கள். எண்ணெய் கூடினால் சுழலும் தண்டு அதை அடித்து நுரையாக்கும். நுரை எதையும் காக்காது. குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு.

கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்

போலி எஞ்சின் எண்ணெய் நம் நாட்டில் இல்லாத ஒன்றல்ல. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு பல முறை சோதனை நடத்திப் பறிமுதல் செய்திருக்கிறது. அசல் போலவே புட்டி, அசல் போலவே ஒட்டுத்தாள். சந்தை விலையைவிட மிகவும் மலிவாக யாராவது கொடுத்தால் மகிழ வேண்டாம், யோசியுங்கள்.

நாம் செய்யக் கூடியவை எளியவை. உத்தரவாதக் காலம் முடியும் வரை அங்கீகாரம் பெற்ற சேவை மையத்துக்கே போங்கள். வெளிப் பட்டறையில் மாற்றும் காலம் வரும்போது, மூடியின் முத்திரையை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். இரசீதில் ‘எஞ்சின் எண்ணெய்’ என்று மட்டும் எழுதினால் போதாது. எண்ணெயின் பெயர், எண், தரம், எத்தனை லிட்டர், அன்றைய கிலோமீட்டர் ஆகிய அனைத்தையும் எழுதி வாங்குங்கள். மீதி எண்ணெயைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள், அது உங்கள் காசு. காலிப் புட்டியை அப்படியே விட்டு விடாமல், மறுபடி பயன்படாதபடி ஓட்டை போட்டு விட்டு வாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாற்றப்பட்டால் வாயை மூடிக் கொண்டிருக்க வேண்டாம். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரைக்குமான கோரிக்கையை அங்கே கொண்டு போகலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. ஆனால் கையில் இரசீது இருக்க வேண்டும். சித்தப்பாவிடம் இல்லாமல் போனது அந்தத் தாள்கள்தான்.

கையேடு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, எங்களுக்குப் படிக்க வரவில்லை என்று தோட்டத்திலிருந்து வந்த பெரியவர்கள் சொல்லக் கூடும். வீட்டில் படிக்கும் பிள்ளை இருக்கிறதல்லவா? அந்த ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். எண்ணையும் தரத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, பானெட்டின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். அதன் பிறகு எந்தப் பட்டறைக்குப் போனாலும் அந்தத் தாளைக் காட்டினால் போதும்.

எங்கள் வீட்டு வாக்குவாதம் எப்படி முடிந்தது என்று சொல்லி விடுகிறேன். தம்பியின் மகளை மடியில் வைத்துக் கொண்டு நான் கையேட்டைப் பிரித்துப் படித்தேன். அதில் இருந்த எண் அப்பா சொன்னதல்ல, நண்பர் சொன்னதும் அல்ல. அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சரி, அதையே ஊத்துங்க. ஆனா அளவு பாக்கறீங்களா?” என்று கேட்டார். தம்பிக்கு அளவுக் கம்பி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

தோட்டத்தில் விடியற்காலை லோரியைக் கிளப்புவதற்கு முன்பு, அப்பா ஒவ்வொரு நாளும் அந்தக் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார். அளவு பார்ப்பார், நிறம் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். அந்தப் பழக்கம் இன்றைய டர்போ எஞ்சினுக்கும் அப்படியே பொருந்தும். அளவு இறங்கியிருந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. அளவு ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் எரிபொருள் கலக்கிறது. இரண்டில் எதுவானாலும் உடனே காட்ட வேண்டும்.

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும், எஞ்சின் சூடேறுவதற்கு முன்பு, வாகனத்தைச் சமதளத்தில் நிறுத்தி, அப்பாவும் தம்பியும் அந்தக் கம்பியைப் பார்க்கிறார்கள். எண்ணைக் கையேட்டிலிருந்து எடுத்துக் கொண்டோம். பழக்கத்தை அப்பாவிடமிருந்து எடுத்துக் கொண்டோம். இரண்டும் சேர்ந்தால்தான் அந்த எஞ்சின், அதன் கடனைவிட நீண்ட நாள் வாழும்.

இன்று வீட்டுக்குப் போனதும், அந்தக் கையேட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துப் பாருங்கள்.